முசிறியின் கெட்டித் தரை

சனிக்கிழமை காலை 10.20. ஸ்ரீரங்கம் மாம்பழச் சாலை நிறுத்தத்தில், முசிறி பஸ்ஸுக்காகப் பதினாறு மாணவிகளோடு நின்றிருந்தேன்; அவர்களைப் பற்றி எழுதச் சென்னையிலிருந்து வந்திருந்தேன். ஸ்ரீரங்கத்துக் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணி அது. கல்லூரிகளுக்கிடையேயான லீகின் கடைசி ஆட்டம் மாலை 3.30 மணிக்கு, முசிறிக் கல்லூரி ஒன்றின் அணியோடு. இதுவரை ஐந்து ஆட்டங்கள்: இரண்டு வெற்றி, ஒன்று சமன், இரண்டு தோல்வி. இன்று சமன் செய்தாலே அரையிறுதி. தோற்றால், மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் கேப்டன் கௌசல்யாவுக்குக் கல்லூரி ஆட்டம் இன்றோடு முடிந்தது.

முசிறி இங்கிருந்து சுமார் முப்பத்தாறு கிலோமீட்டர். ஒன்றே கால் மணி நேரம் போதும். இவ்வளவு முன்னதாகக் கிளம்புவது கேப்டனின் முடிவு. உடற்கல்வி ஆசிரியை ரேவதிக்கு அதில் சம்மதமில்லை.

"மூணரை மணி மேட்சுக்கு இப்பவே போய் என்னம்மா பண்ணப் போறீங்க? வெயில்ல வதங்கிடுவீங்க."

"வதங்கினாப் பரவால்ல மேடம். பந்து வெளிய போகக் கூடாது."

பஸ்ஸில் டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். வலையில் கட்டிய பந்துகளைக் கண்டக்டர் சந்தேகத்தோடு பார்த்தார். "அதை மடியில வெச்சுக்கங்கம்மா. ஒண்ணு உருண்டு பிரேக்குக்கு அடியில போச்சுன்னா எங்க டிரைவர் கோல் போட்டுருவாரு."

கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் கௌசல்யா ஜன்னல் வழியே கீழே காட்டினார். "எங்க கிரவுண்டு, சார்." நீர் ஒரு ஓரமாக ஓட, மீதி அகலம் முழுவதும் மணல். நடுவே நான்கு மூங்கில் கழிகள். கல்லூரி மைதானத்தில் கட்டட வேலை நடப்பதால், சீசன் தொடங்கியதிலிருந்து பயிற்சி அங்கேதான்.

மணலில் பந்து உருளாது. பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கொடுக்கவும் முழுப் பலத்தோடு உதைக்க வேண்டும். கால்கள் அதற்குப் பழகிவிட்டன. கெட்டித் தரையில் அதே உதை பந்தைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடும். இரண்டு தோல்விகளும் கெட்டித் தரையில் வந்தவை. மழை பெய்து ஊறிய மைதானங்களில் இதே அணி ஜெயித்திருக்கிறது.

குணசீலம் தாண்டிய பின் சாலையோரமெல்லாம் வாழை. 11.40க்கு முசிறி. பஸ் நிலையத்திலிருந்து மைதானம் பத்து நிமிட நடை. புல் என்று சொல்ல ஒன்றுமில்லை. கௌசல்யா முட்டி போட்டு, முஷ்டியால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"ரோடு மாதிரி இருக்குடி. எல்லாரும் பாதி பலத்துல குடுங்க."

இருவர் இருவராக நின்று கொடுத்து வாங்கினார்கள். முதல் கால் மணி நேரம் பந்து பொறுக்குவதிலேயே போனது. தென்னூரிலிருந்து வரும் கோல் கீப்பர் ஆயிஷா உருட்டிய ஒன்று மைதானம் தாண்டி, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போய் நின்றது. 12.40க்குப் பந்து காலுக்கு வரத் தொடங்கியது. வேப்பமர நிழலில் குடையோடு உட்கார்ந்திருந்த ரேவதி குரல் கொடுத்தார்: "போதும்மா. மேட்சுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க." இன்னும் கால் மணி நேரம் கழித்துத்தான் தயிர் சாதப் பொட்டலங்கள் பிரிந்தன.

3.30க்கு ஆட்டம். பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். இருபத்திரண்டாவது நிமிடத்தில் கௌசல்யா இரு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே மெதுவாக ஒரு பந்தை அனுப்பினார். முன்னே ஓடிய நித்யா அதைக் காலில் வாங்கி வலைக்குள் தள்ளினார். காலையில் அந்தப் பந்து சைக்கிள்களிடம் போயிருக்கும்.

இரண்டாம் பாதியில் மதிய வெயில் கணக்குக் கேட்டது. பன்னிரண்டாவது நிமிடத்தில் இடது ஓரத்தில் தடுத்தாடும் மீனாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவர் நொண்டிய இடத்தின் வழியாகவே முசிறி அணி புகுந்து கோல் அடித்தது. 1-1. "இதைத்தான் சொன்னேன்," என்றார் ரேவதி, என்னைப் பார்க்காமலே. மாற்று வீராங்கனைகளையும் இறக்கியாகிவிட்டது. மீனா காலை நீவிக்கொண்டு எழுந்து நின்றார்.

கடைசிப் பத்து நிமிடம். களைத்தவர்கள் பந்தைத் தொலைவுக்கு உதைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அது எதிரணியிடமே போய்த் திரும்பி வந்தது.

"அடிக்காதீங்கடி! உருட்டுங்க! பாதி!" என்று கத்தினார் கௌசல்யா.

"இருக்கிறதே பாதிதான்க்கா!" என்றார் கோலிலிருந்து ஆயிஷா.

யாரோ சிரித்தார்கள். பிறகு உருட்டத் தொடங்கினார்கள். தொடர்ந்து பதினொரு முறை பந்து இவர்கள் கால்களுக்குள்ளேயே சுற்றியதை எண்ணினேன். "என்னங்க, அங்கேயே நின்னு கோலம் போடுறீங்களா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். கோலம் நீண்டது.

கடைசி நிமிடத்தில் முசிறிக்கு ஒரு கார்னர். உயர்ந்து வந்த பந்தை ஆயிஷா இரு கைகளாலும் பிடித்தார். "தூக்கி அடி!" என்று அவர் அணியினரே அலறினார்கள். அவர் குனிந்து, நொண்டிக்கொண்டிருந்த மீனாவின் காலுக்கு உருட்டினார். மீனா கௌசல்யாவுக்கு. விசில். அரையிறுதி.

கௌசல்யா முதலில் மீனாவிடம்தான் போனார். அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, பாதத்தைப் பிடித்து மடக்கினார்.

6.10க்குத் திரும்பும் பஸ். சென்னையில் என் வீட்டருகே செயற்கைப் புல் மைதானங்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே பச்சை, ஒரே மென்மை. அங்கே தரையைத் தட்டிப் பார்த்து இறங்கும் ஒருவரையும் நான் கண்டதில்லை. அதற்கான அவசியமும் இல்லை.

அரையிறுதி அடுத்த சனிக்கிழமை, தஞ்சாவூரில், அசல் புல்தரையில்.

"புல்லுல பந்து எப்படி சார் போகும்?" என்று கேட்டார் கௌசல்யா. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

முன் இருக்கையில் கண்மூடிச் சாய்ந்திருந்த ரேவதி திரும்பாமலே சொன்னார்: "வெள்ளிக்கிழமையே போயிடுவோம்மா. சாயங்காலம், வெயில் தாழ்ந்தப்புறம் ஆடிப் பாருங்க."