நான்கு மூலை டேங்க்

காரைக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த மரிய ஜெரால்டுக்கு நெருப்பைத் தவிர மற்ற எல்லாவற்றின்மீதும் பயம். முதலாளிமார் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பயம்தான் 1993-இல் அவர் மனைவியைக் கொல்லப் பார்த்தது.

எண்ணெய் மில் முதலாளி தண்டாயுதபாணி, ஆறாயிரம் லிட்டர் கடலை எண்ணெய் பிடிக்கிற டேங்க் கேட்டார். கொட்டகை மூலையில் ஒட்டி நிற்க வேண்டுமாம்; அதனால் சதுரம்.

“வட்டமா வச்சுக்கிருவோம் முதலாளி. வட்டத்துல எண்ணெய் எல்லாப் பக்கமும் ஒண்ணுபோலத் தள்ளும். சதுரத்துல தகடு வயிறு தள்ளும். மூலை வெல்டிங்தான் அம்புட்டையும் தாங்கணும்.”

“வட்டமா வச்சா மூலையில எலிதான் குடியிருக்கும். முடியுமா, முடியாதா?”

குடத்துக்கு யாராவது மூலை வைக்கிறார்களா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “செஞ்சிருவோம்” என்றார்.

டேங்க்கை நிரப்பத் தை மாதம் நல்ல நாள் பார்த்தார்கள். முதல் தடவை தளும்பத் தளும்ப நிரப்புவதுதான் அங்கே வழக்கம். குறையாக விட்டால் தொழிலும் குறையுமாம். பாதியோடு நிறுத்தச் சொல்ல ஜெரால்டு இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். அவர் மனைவி ஞானபூரணிக்கு அந்த மில்லில்தான் டின் நிரப்பும் வேலை. டேங்க்கின் குழாயடியில், மூலையை ஒட்டி, முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

முக்கால்வாசி நிறைந்தபோது தகடு புடைத்தது. ‘டொக்’கென்று ஒரு சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூலை வெல்டிங்கில் மயிரிழையாக எண்ணெய் கசிவதை ஜெரால்டு பார்த்தார். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

“எந்திரி.”

“எல்லாரும் பாக்குறாக. சும்மா இருங்க.”

“எல்லாரும் அங்குட்டுப் போயிருங்க” என்று சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். அவளைத் தரதரவென்று இழுத்தார். பத்தடிகூடப் போயிருக்க மாட்டார்கள். மூலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. எண்ணெய் பாய்ந்த வேகத்தில் முக்காலி எதிர்ச்சுவரில் மோதி உடைந்தது.

“நீ சொன்னியேப்பா, நான்தான் கேக்கல” என்றார் முதலாளி, முகம் வெளுத்து.

“செஞ்சது நான்தானே” என்றார் ஜெரால்டு.

அடுத்த டேங்க் வட்டம். அதையும் நல்ல நாளில், தளும்பத் தளும்பத்தான் நிரப்பினார்கள். ஞானபூரணியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, புது முக்காலியில் அவரே உட்கார்ந்தார். தொடை வெடவெடவென்று ஆடியது. சிலர் சிரித்தார்கள். ‘நெறஞ்சிருச்சு’ என்று மேலேயிருந்து குரல் வரும்வரை அவர் எழவில்லை.

அதன்பிறகு அவர் செய்த எந்த டேங்க் முதன்முதலில் நிரம்பும்போதும் அதனடியில் உட்கார்ந்தது அவர்தான். ஒரு தடவைகூட நடுங்காமல் உட்கார்ந்ததில்லை.