மூன்று பேர் ஒப்புக்கொண்ட படம்

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு சுக்குக் கிடங்கில் சாக்கு தைக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். அதற்குமேல் படிக்கவில்லை, யாரும் படிக்கச் சொல்லவும் இல்லை. என் மகளுக்கு மலையாளம்தான் எழுத வரும். அதனால் மட்டாஞ்சேரியில் தமிழ் எழுதத் தெரிந்த சிலரில் ஒருவனாகிவிட்டேன்.

அந்தத் தகுதியில் ஒரு தன்னார்வலர் குழுவில் சேர்ந்தேன். பழைய கொச்சிப் படங்களை இணையத்தில் ஏற்றுவார்கள். படத்தில் இருப்பது என்ன என்று போனிலேயே தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதியவரோடு சேர்த்து மூன்று பேர் ஒப்புக்கொண்டால் அந்த வரி உறுதி. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். நேரில் ஒருவரிடம் மணி கேட்பதற்கே நான் இரண்டு முறை தொண்டையைச் செருமுகிறவன்.

ஒருநாள் சோற்று நேரத்தில் ஒரு படம் வந்தது. சுவரோரமாக ஒன்பது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் முறம். கீழே எழுதியிருந்தது: "கோயில் வாசலில் பிச்சைக்காக அமர்ந்திருக்கும் பெண்கள்." மூன்று பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அது கோயில் இல்லை. படம் பார்க்கும்போது நான் முதுகைச் சாய்த்திருந்த எங்கள் கிடங்குச் சுவர். நடுவில் இருந்தது இளம் வயதில் எங்கள் சேச்சி. சுக்கு புடைக்கும் பெண்களுக்கு இன்றைக்கும் அவர்தான் தலைவி. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் கிடங்கு முழுக்க அவருக்குச் சேச்சி என்றுதான் பெயர்.

படத்தைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம்.

"பிச்சையா? நானா? எடா, இது எங்கேடா இருக்கு?"

"இன்டர்நெட்ல, சேச்சி. அடுத்த வாரம் எர்ணாகுளத்துல கண்காட்சி. பெருசா பிரிண்ட் போட்டு வைக்கறாங்க."

"எர்ணாகுளத்துலயா? என் சம்பந்தி வீடு அங்கதானே! அந்தம்மா ஒரு கண்காட்சி விடமாட்டா. இப்பவே என் மகளைச் சுக்குக்காரி பொண்ணுன்னுதான் சொல்லுவா. இனி பிச்சைக்காரி பொண்ணா?" என் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தார். "மாத்து. மாத்திட்டுத் தின்னு."

"வேலைக்காகக் காத்திருக்கும் சுக்குத் தொழிலாளிகள்" என்று மாற்று வரி எழுதினேன். இன்னும் இரண்டு பேர் வேண்டும். இரண்டு நாளாக ஒருவரும் வரவில்லை. கிடங்கில் ஆள் குறைந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அதே முறையில் சேச்சிக்கும் மூட்டை தூக்கும் சேட்டனுக்கும் என் போனிலேயே கணக்கு திறந்தேன். இருவரும் 'சரி' என்ற இடத்தில் அமுக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் ஒப்புக்கொண்டாயிற்று. ஆறாவது நிமிடம் மூவரும் தடை செய்யப்பட்டோம். ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிறார் என்று காரணம் வந்தது.

"ஆயுசுல முதல்தடவை இன்டர்நெட்டுக்குப் போனேன்," என்றார் சேட்டன். "அஞ்சு நிமிஷத்துல வெளியே தள்ளிட்டாங்க."

மறுநாள் குழுவின் ஒருங்கிணைப்பாளர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். நான் செருமினேன். மறுபடியும் செருமினேன். சேச்சி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ. படத்துல நடுவுல இருக்கற பிச்சைக்காரி பேசறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அவர், "அம்மா, அது கிடங்குன்னு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார்.

"பிச்சைன்னு எழுதினவங்க என்ன ஆதாரம் தந்தாங்க?"

சேச்சி விடவில்லை.

"முறத்தைப் பாரு, மோனே. ஒன்பதும் கவுத்தி வெச்சிருக்கு. கவுத்தின முறத்துல எவன் பிச்சை போடுவான்?"

அந்தப் படத்தை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். இதைப் பார்க்கவில்லை.

"இவன் எழுதினதும் தப்பு," என்றார் சேச்சி, என்னைப் பார்க்காமல். "நாங்க வேலைக்குக் காத்திருக்கலை. உள்ளே போகமாட்டோம்னு உட்கார்ந்தோம். முறத்தைக் கவுத்தினா இங்க அதுதான் அர்த்தம்."

"எதுக்காக உட்கார்ந்தீங்கம்மா?"

சேச்சி குரலைத் தாழ்த்தினார். ஸ்பீக்கரில் இருந்ததால் பயனில்லை. "கக்கூஸுக்கு. ஆம்பளைங்களுக்கு இருந்தது. எங்களுக்கு இல்லை."

"கிடைச்சுதா?"

"மூணாம் நாள் கட்டினாங்க. கதவு வைக்கலை. மறுபடி முறத்தைக் கவுத்தினோம்."

ஒருங்கிணைப்பாளர் தட்டச்சு செய்வது கேட்டது. சிரிக்கவில்லை. "அப்போ 'கழிப்பறை கேட்டு வேலைநிறுத்தம் செய்யும் சுக்குத் தொழிலாளிகள்'னு மாத்திடறேன். நானும் இன்னும் ரெண்டு பேரும் ஒப்புக்கொள்றோம். கண்காட்சியில பெரிய எழுத்துல வரும். உங்களுக்குச் சம்மதமா?"

சேச்சி முந்தானையால் போனில் படிந்திருந்த சுக்குத் தூசியைத் துடைத்தார். பிச்சைக்குப் பதில் கக்கூஸ். எர்ணாகுளத்து அம்மா அதைப் படித்துவிட்டு மகளிடம் என்ன சொல்வாள் என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். செருமினேன்.

"போடு," என்றார் சேச்சி. "சம்பந்தியம்மா படிச்சா படிக்கட்டும். அவ வீட்டுலயும் ஒண்ணு இருக்குமில்லே."