ஆளில்லாத படம்

கையைக் கட்டிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மாமா பாறை மேல் நின்ற கோலம் இன்றும் என் கண்ணிலேயே இருக்கிறது. கேமரா அத்தையுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே, யாரையும் கேட்காமல், இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கக் கற்றுத்தரும் முகாமில் சேர்ந்துவிட்டாள். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாத மாமா அழையா விருந்தாளியாக முகாம் வேனில் ஏறிக்கொண்டார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. நான் அப்போது வேலை தேடி பெங்களூர் வந்து, தொம்மலூரில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். மறுக்கிற நிலையில் இல்லை.

ஃபிலிம் ரோல் காலம் அது. பெங்களூரை அடுத்த ராமநகரத்துப் பாறைகளை ஆள் இல்லாமல் எடுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லச் சொல்ல, அத்தை எங்கே ட்ரைபாடை ஊன்றினாலும் மாமா எதிரே போய் நின்றார். "ஏன் சார், ஆளில்லாத கல்லுக்கு எதுக்கு ஃபிலிமை வேஸ்ட் பண்ணணும்?" என்று பயிற்சியாளரிடமே கேட்டார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஆளில்லாமல் படம் எடுத்ததில்லைதான். அத்தையும் அவரோடு சேர்த்தே எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

முகாமின் கடைசி விடியலில் ரோலில் ஒரே ஒரு படம் மிச்சம். மாமா இல்லாத படம் ஒன்றுகூட அத்தையிடம் இல்லை. மேகம் விலகி, பாறை மேல் வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. அந்த வெளிச்சம் அதிக நேரம் நிற்காது என்று பயிற்சியாளர் முதலிலேயே எச்சரித்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் அத்தை. மாமா சிரித்தபடி ஓரடி பின்னால் வைத்தார்.

"இன்னும் தள்ளுங்க."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மாமாவும் கேட்டிருக்க மாட்டார். முகம் சுண்டிப்போய், திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகவே நடந்தார். அவருக்குப் பின்னால் பாறை சரிந்து இறங்குவது எனக்குத் தெரிந்தது. கத்த வாயெடுத்தேன், அதற்குள் செருப்பு சறுக்கும் சத்தம். மாமா நின்ற இடத்தில் வானம் மட்டும் இருந்தது.

முதலில் க்ளிக் கேட்டது. அதற்குப் பிறகுதான் "என்னங்க" என்று அத்தை ஓடினாள்.

ஓர் ஆள் உயரம் கீழே, ஒரு புதரில், முழங்கைச் சிராய்ப்போடு மாமா உட்கார்ந்திருந்தார். அத்தையைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

இப்போது அந்தப் படம் அவர்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. ஃப்ரேம் போட்டு மாட்டியது மாமாதான். வருகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து வியந்தால், "நான் விழுறப்ப எடுத்தது," என்பார்.

"விழுந்தப்புறம்," என்று அத்தை திருத்துவாள்.