பட்டைத் தண்ணீர் என்று பயந்த கோக்கோ

ஆம்பூரில் நான் பாலர் வகுப்பு டீச்சராகச் சேர்ந்த மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், இருபத்திரண்டு பிள்ளைகளில் மூன்று பேர்தான் பள்ளிக்கு வந்தார்கள். முந்தின நாள் நான் காய்ச்சிய கோக்கோதான் காரணம். புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள், முதல் மாதத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் சமாளிக்கவில்லை. ஒரு பெண் வந்து கைகொடுத்தார். அதைத்தான் எழுதுகிறேன்.

1. என் லெஸன் நோட்ஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். வேலூரில் டிரெயினிங் முடித்த கையோடு அந்த மிஷன் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகள். அநேகமாக எல்லோருடைய பெற்றோரும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார்கள். பள்ளியை நடத்தியது ஒரு வெள்ளைக்கார அம்மையார், மிஸ்ஸியம்மா என்போம். அவருக்குச் சீமையிலிருந்து வந்த பார்சலில் நான்கு டப்பா கோக்கோ இருந்தது.

"பிள்ளைகளுக்கு இதை வைத்து நல்ல பாடம் செய்யுங்கள்" என்று என்னிடம் கொடுத்தார்.

ஒரு வாரத்துக்கு நோட்ஸ் எழுதினேன். முகர்ந்து பார்ப்பது, நிறம் சொல்வது, கரண்டியால் அளப்பது, காலி டப்பாவை வைத்துக் கடை விளையாட்டு. முதல் நாளே சூடாகக் குடிக்கக் கொடுத்துவிட்டால் ஆசை வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பால் கம்மி, தண்ணீர் ஜாஸ்தி. சட்டியை நடுவில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, மூடியைத் திறந்தேன்.

பழுப்பாக, மேலே நுரை கட்டி நின்றது. அஞ்சலை என்ற நாலு வயதுப் பெண் எழுந்து அலறினாள்.

"பட்டத் தண்ணி! குடிச்சா செத்துப்பூடுவோம்!"

அவ்வளவுதான். இருபத்திரண்டு பேரும் அழுதார்கள். சிலர் வாசலைத் தாண்டித் தெருவுக்கே ஓடிவிட்டார்கள். தோல் ஊறப்போடும் பட்டைத் தண்ணீரை டீச்சர் குடிக்கச் சொன்னார் என்ற சேதி சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது.

மிஸ்ஸியம்மா என்னைத் திட்டவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைகள் திரும்பவில்லை என்றால், அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் வேலூருக்குத் திரும்பலாம்" என்றார்.

2. அஞ்சலையின் அம்மா

செவ்வாய் சாயங்காலம் அஞ்சலையின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா கன்னியம்மா, தோல் ஷாப்பில் ஆவாரம் பட்டை இடிக்கிறவர். அந்தப் பட்டையைத் தொட்டியில் ஊறவைத்த தண்ணீரில்தான் தோலைப் போட்டுப் பதம் செய்வார்கள். அவருடைய விரல்கள் முழுக்கப் பட்டைக் கறை.

"இன்னா டீச்சரம்மா, எம்பொண்ணுக்கு இன்னாத்த குடுத்தீங்க?"

"கோக்கோத் தூளும்மா. பால்ல கலந்து குடிக்கிறது. சீமையில பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்க."

"சீமையில குடுப்பாங்க. இங்க போன வருசம் பக்கத்து வூட்டுப் புள்ள பட்டத் தொட்டியில வுழுந்து செத்துப்போச்சு. அஞ்சல அதுங்கூடதான் வெளையாடும். அந்தக் கலரு தண்ணிகிட்டயே போவாதன்னு நான்தான் சொல்லி வெச்சேன். நான் சொன்னத கேட்டுதான் அது கத்திச்சு."

"அவ சரியாத்தான் செஞ்சிருக்கா. தெரியாம செஞ்சது நான்தான்" என்றேன்.

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தத் தூள காட்டுங்க."

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். அவர் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டு முகர்ந்தார். "பட்ட வாசன மூக்க அறுக்கும். இது வறுத்த கொட்ட வாசன." நாக்கில் வைத்தவர் முகம் சுளித்தார். "த்தூ! இத வெல்லம் போடாம எந்தப் புள்ள குடிக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

"தண்ணியா கொண்டாந்து வெச்சா பயந்தான் வரும் டீச்சரம்மா. தூளா காட்டுங்க. அதுங்களே கலக்கட்டும். நாளைக்கு நான் வர்றேன்."

"வேலை இருக்குமே?"

"அர நாள் லீவு கேக்குறேன். மேஸ்திரி கத்துவான். கத்திட்டுப் போவட்டும்."

3. கொட்டாங்கச்சியும் வெல்லமும்

புதன்கிழமை கன்னியம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லி, பதினொரு பிள்ளைகளைக் கூட்டி வந்தார். மடியில் வெல்லமும், ஒரு துணி முடிச்சில் பட்டைத் தூளும் கொண்டுவந்திருந்தார். அந்த முடிச்சு என் நோட்ஸில் இல்லாதது.

பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னோம். முதலில் அந்த முடிச்சை முகரக் கொடுத்தோம்.

"எங்க நைனா சட்ட வாசன!" என்றான் ஒரு பையன். அது பட்டை என்று கண்டுபிடிப்பதில் ஒருவர்கூடத் தவறவில்லை. அப்புறம் கோக்கோவைக் கொடுத்தோம். இது அது இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. வெல்லத்தைக் கல்லால் நசுக்கினார்கள். கோக்கோத் தூளைக் கரண்டியால் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் போட்டார்கள். வெதுவெதுப்பான பாலை நான் ஊற்ற, ஈர்க்குச்சியால் கலக்கினார்கள். வெள்ளைப் பால் பழுப்பாவதை அவரவர் கண்ணாலேயே பார்த்தார்கள். கன்னியம்மா முதலில் குடித்தார். அஞ்சலை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொட்டாங்கச்சியைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டுக்கு மேல் மீசையோடு, "எம்மா, இன்னும் கொஞ்சம்" என்றாள். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கோக்கோவைக் குழைத்துப் பழைய காகிதத்தில் விரலால் படம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை கடை விளையாட்டு. அன்று ஒரு பிள்ளையைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். வராதது, தொட்டியில் விழுந்து இறந்த பிள்ளையின் தங்கை. அந்தத் தாயை நான் வற்புறுத்தவில்லை. மிஸ்ஸியம்மா வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். "தையல் வகுப்பு வராந்தாவிலேயே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. நான் கற்றது

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும் என்று டிரெயினிங்கில் படித்து, பரீட்சையில் எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியவள் நான். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை அதன் வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று எனக்குக் காட்டியவர் கன்னியம்மா. அதற்குப் பிறகு எந்த ஊருக்கு மாற்றலானாலும், முதல் வாரம் வீடு வீடாகப் போய், இங்கே பிள்ளைகள் எதற்குப் பயப்படுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நோட்ஸ் எழுத உட்காருவேன்.

ஆம்பூரை விட்டுக் கிளம்பும்போது கன்னியம்மாவிடம் நன்றி சொன்னேன்.

"எதுக்கு டீச்சரம்மா? தப்பு என்னுதுன்னு எங்க வூட்டு வாசல்ல வந்து சொன்ன டீச்சரு நீங்க ஒருத்தருதான்" என்றார்.