மெதுவாச் சாப்பிடுங்க

தம்பி கொழும்பிலிருந்து வந்தால் எங்களைப் பதுளை டவுனுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகாமல் விடமாட்டான். பொழுதுசாய உட்கார்ந்தால் கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கும்வரை எழுந்திருக்கவும் விடமாட்டான். முதலில் சூப்பு, பிறகு ஏதோ பொரித்தது, பிறகு சோறு, அதன்பிறகு ஐஸ்கிரீம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் போனை நோண்டுவான். நானோ விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்துக் கட்டிக்கொடுத்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவள். எனக்கு இந்தச் சொகுசெல்லாம் ஒத்துவராது, இடுப்பு கழன்றுவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவரச் சொல், தின்றுவிட்டுக் கிளம்புவோம் என்று வாய்வரை வரும். அப்போது பார்த்து அம்மா, தன் தட்டை எப்போதோ காலி செய்துவிட்டவள், எங்களைப் பார்த்து "மெதுவாச் சாப்பிடுங்க, என்னா அவசரம்" என்பாள். அதோடு நான் வாயை மூடிக்கொள்வேன்.

உண்மையில் எங்கள் வம்சத்திலேயே மெதுவாகச் சாப்பிட்டவர்கள் கிடையாது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக்கட்டிய காம்பராக்களில் ஒன்றில் பிறந்தவர்கள் நாங்கள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓட வேண்டும், அதற்கு முன்னால் ரொட்டியை நின்றபடியே பிய்த்துச் சம்பலில் தொட்டு, தேத்தண்ணியை ஊற்றி உள்ளே தள்ள வேண்டும். பகலில் வந்து சோற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் மலைக்கு ஏற வேண்டும். சாப்பிடுவதும் எங்களுக்கு ஒரு வேலைதான். அப்பா சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தால் யாரோ பின்னால் தடியோடு நிற்கிறார்கள் என்று தோன்றும்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தங்கை வந்தாள். அப்போது சித்திக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. தம்பிக்கு நடக்கப் பழக்கியதும், பேசப் பழக்கியதும், காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அவள்தான். அதனால் அவன் சித்தியை அம்மா என்றே கூப்பிட்டான். அம்மா லீவில் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அவன் வைத்த பெயர் குவைத்தம்மா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் பேசுகிறவள் ஒரு அம்மா, சோறு ஊட்டுகிறவள் ஒரு அம்மா என்று அவனே பிரித்துக்கொண்டான்.

குவைத்தம்மா கொண்டுவந்த சொக்லட்டை வாங்கிக்கொள்வான், பொம்மைக் காரை வாங்கிக்கொள்வான், வாங்கியதும் ஓடிப்போய்ச் சித்தியின் பின்னால் நின்றுகொள்வான். மடியில் உட்காரச் சொன்னால் உடம்பை மரக்கட்டையாக விறைத்துக்கொள்வான். ஒரு ராத்திரி அவன் தூங்கியபிறகு அம்மா அவனை மெல்ல இழுத்துத் தன் பாயில் போட்டுக்கொண்டாள். சித்தியின் சீலைத் தலைப்பு கையை விட்டுப் போனதும் முழித்துக்கொண்டு அவன் போட்ட கூச்சலில் லயமே எழுந்துவிட்டது. அடுத்த காம்பராவில் இருந்தவர்கள் பூச்சி கடித்துவிட்டதா என்று கேட்டு வந்தார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு எப்படியாவது அவன் ஒரு தடவை தன்னிடம் வர வேண்டும். லீவோ முடியப்போகிறது.

திரும்பிப் போவதற்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் டவுனுக்குப் போய் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"பகல்ல போவோமே, பஸ்ஸும் இருக்கும்" என்றார் அப்பா.

"இல்ல, ராவைக்குத்தான் போவணும். உக்காந்து மெதுவாச் சாப்பிடணும்."

அவள் வேலை பார்த்த வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் இப்படித்தானாம். குடும்பமே பெரிய ஹோட்டலுக்குப் போகுமாம், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே சாப்பிடுவார்களாம், பேச்சு முடிவதற்குள் சின்னப் பிள்ளைகள் அங்கேயே தூங்கிவிடுமாம். அவர்களைக் காருக்குத் தூக்கிக்கொண்டு வருவது அம்மாவின் வேலையாம். கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோம். என் கவலையெல்லாம் அந்த மேசையில் என்னென்ன சாப்பாடு இருந்தது என்பதுதான். அப்பா முணுமுணுத்துக்கொண்டே தன் கூட்டாளியின் ஆட்டோவைப் பேசிவைத்தார்.

பதுளையில் அது ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. நாங்கள் நால்வரும் உட்கார்ந்துவிட்டோம். அம்மா மட்டும் தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எதற்கு நிற்கிறாள் என்று எங்களுக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரிந்திருக்காது. தண்ணீர் கொண்டுவந்த பெரியவர் "தங்கச்சி, நீங்களும் இரிங்க" என்றபிறகுதான் திடுக்கிட்டு உட்கார்ந்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பிரியாணி வந்தது. அப்பா நாலு பிடியில் முடித்துவிட்டு எழப்போனார். "மெதுவாச் சாப்பிடுங்க" என்று அம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு எங்களுக்குப் பொரித்த கோழி சொன்னாள். அது முடிந்ததும் இனிப்புக்கு வட்டிலப்பம் சொன்னாள். அதன்பிறகு டீ. மெதுவாகச் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது! என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொழுந்து விளைச்சலைப் பற்றி அப்பா கொஞ்சம் பேசினார். அதுவும் தீர்ந்துபோனது. எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது, விடிந்தால் பள்ளிக்கூடம் வேறு. அம்மா மட்டும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் கரண்டியோடு ஆடிக்கொண்டிருந்தான். கண் சொருகும், தலை சாயும், அந்த நேரம் பார்த்து வாசலில் கொத்து ரொட்டிக்காரர் தகடு இரண்டையும் எடுத்து டங்கு டங்கென்று அடிக்கத் தொடங்குவார். தம்பி முழித்துக்கொள்வான். அம்மாவின் முகம் வாடிப்போகும். இப்படியே நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அம்மா எழுந்து வாசலுக்கே போய்விட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாக் கொத்துங்களேன்."

"மெதுவாக் கொத்தினா அது கொத்தா தங்கச்சி?" என்று அவர் சிரித்தார். கடையே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா சிரிக்கவில்லை. திரும்பி வந்து, "இன்னொரு டீ குடிப்போம்" என்றாள்.

அந்த டீ வருவதற்குள் தம்பி சித்தியின் கையில் சாய்ந்துவிட்டான். கொத்துச் சத்தம் கேட்டும் அசையவில்லை. சித்தி அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, இங்கிட்டு வந்து உக்காருங்க. நான் கை கழுவிட்டு வர்றேன்."

அவள் ஏற்கெனவே கை கழுவியிருந்தாள். அதைச் சொல்லலாமென்று நான் வாயெடுப்பதற்குள், தம்பியின் விரல்களிலிருந்து தன் சீலைத் தலைப்பை மெல்ல மெல்லக் கழற்றி, அதே விரல்களுக்குள் அம்மாவின் தலைப்பைச் செருகிவிட்டு எழுந்து போய்விட்டாள். அம்மா அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு முறை சிணுங்கினான், அவ்வளவுதான். அவன் தலைமயிரில் மூக்கை வைத்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீ ஆறி ஆடை கட்டியது. அப்பாவும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவரே இன்னொரு டீ கேட்டு வாங்கி, என்றைக்கும் இல்லாத வழக்கமாக ஊதி ஊதிக் குடித்தார்.

வெகுநேரமாகியும் சித்தியைக் காணோம். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அப்பா என்னை அனுப்பினார். கை கழுவும் இடத்தில், குழாயைத் திறக்காமலே சித்தி நின்றுகொண்டிருந்தாள்.

"தூங்கிட்டானா?"

"தூங்கிட்டான். நீங்க வாங்க."

"நல்லாத் தூங்கிட்டானா? அழுவலையே?"

"அதெல்லாம் அழுவல."

சித்தி குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். பிரியாணி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது, பழக்கதோஷத்தில் தம்பியை வாங்க சித்தி இரண்டு கைகளையும் நீட்டினாள். நீட்டியவள் உடனே இழுத்துக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தாள். அப்பா முன்னால் ஆட்டோக்கார மாமாவோடு ஒட்டிக்கொண்டார். பின்னால் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் நான். பசறை ரோட்டில் ஏறியதும் குளிர் அடித்தது. எனக்கு எப்போது வீடு வரும் என்றிருந்தது.

"அண்ணே, மெதுவாவே போங்க" என்றாள் அம்மா.

ஏற்கெனவே ஆட்டோ ஊர்ந்துகொண்டுதான் போனது. வளைவு வரும்போதெல்லாம் அம்மா தன் உள்ளங்கையைத் தம்பியின் தலைக்கு அண்டக் கொடுத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஏம்மா இன்னும் மெதுவாப் போகச் சொல்றீங்க? தூக்கம் வருது."

"வளைவு ரோடு புள்ள. தம்பி முழிச்சிக்குவான்."

"முழிச்சா என்னா? சித்தி தூக்கிக்குவாங்கதானே."

அதுவரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்த ஆட்டோக்கார மாமா சட்டென்று நிறுத்திவிட்டார். சரியாகத்தானே சொன்னேன், இதற்கு ஏன் எல்லாரும் ஊமையாகிவிட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தி மட்டும் என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்தாள். எப்போதும் தம்பி அடைத்துக்கொண்டிருக்கும் அவள் மடி அன்றைக்குக் காலியாக இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நான் அதில் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன்.