சூரியனில் புள்ளி எண்ணியவர்

"எல்லாரும் நிலாவக் கேக்குறீங்க, நட்சத்திரத்தக் கேக்குறீங்க. பகல் பூரா ஒண்ணு தலைக்கு மேல எரிஞ்சிட்டிருக்கே, அத ஒருத்தராவது என்ன ஏதுன்னு கேட்டீங்களா?"

பெரியப்பாவின் இந்தப் புலம்பலைக் கேட்காமல் எங்கள் குடும்பத்தில் யாரும் வளர்ந்ததில்லை. கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறோம், துக்க வீட்டிலும் கேட்டிருக்கிறோம். பாவமே என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால், எழுந்திருக்க அரை மணி ஆகும்.

சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளை எண்ணுவது அவர் வேலை. ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் மூன்று அறைகள் கொண்ட ஆய்வு நிலையம். காலை எட்டரைக்குத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, பிம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழவைப்பார். தட்டு அகலத்துக்கு வெளிச்சம், அதில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்பு. தாளை லேசாக அசைப்பார். தாளோடு நகர்ந்தால் அது தாளின் அழுக்கு. நகராமல் நின்றால் சூரியனுடையது. நின்றதையெல்லாம் பென்சிலால் வரைந்து, எண்ணி, தேதி போடுவார். முப்பத்தோரு வருஷம். வீட்டில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் பெரும்புள்ளி.

"அதுல பெருசா ஒண்ண எடுத்தா நம்ம பூமி முழுசா உள்ள போயிரும்," என்பார், மூக்குக் கண்ணாடியை இறக்கி, தானே தள்ளிவிட்டு வந்தவர் போல. "சுத்தி இருக்கற இடத்தவிட அங்க சூடு கம்மி, அதான் கறுப்பாத் தெரியுது. கம்மின்னு கைய வெச்சுராதீங்க. இரும்பு ஆவியாப் போற சூடு."

"கைய வெக்க யாரு போறா அங்க," என்பார் பெரியம்மா. "இங்க அடுப்புல கேஸ் தீந்து ரெண்டு நாளாச்சு."

புள்ளிகள் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறக்குறைய பதினொரு வருஷச் சுற்றில் பெருகும், அடங்கும், மறுபடி பெருகும். அடங்கிய காலத்தில் நாள்கணக்கில் சூரியன் துடைத்த தட்டாக இருக்கும். பல நாடுகளில் பெரியப்பா மாதிரி ஆட்கள் எண்ணி, மாதாமாதம் ஒரு தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்துதான் அந்தக் கடிதம் வந்தது. சூரியன் அடங்கி முடிந்துவிட்டது, எல்லா நிலையங்களிலும் எண்ணிக்கை ஏறுகிறது, உங்களிடம் மட்டும் ஏறவில்லை, வில்லையைத் துடைத்துப் பாருங்கள்.

துடைத்தார். மறுபடி துடைத்தார். வெளியிலிருந்து ஆள் வரவழைத்துத் துடைத்தார். கடைசியில் கண் டாக்டரிடம் போனார். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. சின்னப் புள்ளிகள் அவருக்குத் தெரியவே இல்லை. சூரியனும் கண்ணும் ஒரே காலத்தில் அடங்கியதால் அவருக்கே சந்தேகம் வரவில்லை.

எத்தனை நாளாக என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தேதியைக் கண்டுபிடித்தால்தான் எந்தத் தாள் நல்லது, எது கெட்டது என்று பிரிக்க முடியும்.

நிலையத் தலைவர் மேஜையைத் தடவிக்கொண்டே பேசுகிற மனிதர். "ஆறு மாசத்த மட்டும் தள்ளிரச் சொல்லி எழுதுங்க. வருஷக்கணக்குல தப்புன்னு எழுதினா நிலையத்தையே மூடிருவாங்க."

"ஆறு மாசம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேக்க நல்லா இருக்கு, அதான்."

பெரியப்பா தாள்களை வீட்டுக்குத் தூக்கிவந்தார். கூடவே, பெரிய தொலைநோக்கி உள்ள இன்னொரு நிலையத்தின் அச்சிட்ட பட்டியல். அந்தப் பொடி எழுத்து இப்போது அவர் கண்ணுக்குப் பிடிபடாது. கடைசி வருஷத்திலிருந்து பின்னோக்கிப் பெரியம்மா படித்தார், சாப்பாட்டு மேஜையில், மத்தியான வெளிச்சத்தில்.

"பதினொண்ணாந் தேதி. உங்களுது பதினஞ்சு, அவங்களுது பதினஞ்சு."

"ம்."

"பத்தாந் தேதி. உங்களுது பதிமூணு. அவங்களுதும் பதிமூணு."

பெரியப்பா கையை நீட்டி நிறுத்தினார். "எங்கண்ணு நல்லா இருந்த காலத்துலயே நான் பத்து எண்ணினா அவங்க பன்னெண்டு எண்ணுவாங்க. இப்ப என்ன, பேசிவெச்ச மாதிரி எண்ணியிருக்கோம்?"

பெரியம்மா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க பட்டியல்ல நெசமா என்ன போட்டிருக்கு?"

"இருபத்தாறு."

"அதுக்கு முன்னாடி படிச்சதுக்கு?"

"இருபத்தெட்டு." பெரியம்மா பட்டியலைக் கீழே வைத்தார். "ஆமா, பொய்தான் சொன்னேன். ஒரு நாள் எங்கம்மா வீட்டுக்குப் போலாம்னா, வெயில் அடிக்குது வரலன்னு சொன்ன மனுஷன் நீங்க. புள்ள பொறந்தன்னிக்கு வரைஞ்சு முடிச்சுட்டுத்தான் வந்தீங்க. அந்த முப்பத்தோரு வருஷம் உங்களுது மட்டும்னு நெனப்பா? அது போறத நானே வாயால படிக்கணுமா?"

"கெட்டத எடுக்கலன்னா நல்லதையும் நம்ப மாட்டாங்க," என்றார் பெரியப்பா. "படி. உள்ளதப் படி."

ஒன்பது மத்தியானம் படித்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு என்ற பழைய கணக்கு மறுபடி வந்து ஒட்டியது, ஐந்து வருஷம் நாலு மாதத்துக்கு முன்னால். அந்த நாளிலிருந்து வரைந்த எதையும் சேர்க்க வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, பெரியம்மாதான் கடிதம் எழுதினார்.

பழைய தாள்கள் நின்றன. நிலையம் நிற்கவில்லை. தலைவர் சொன்னபடியே மூன்று மாதத்தில் மூடினார்கள். தொலைநோக்கி வண்டியேறிப் போனது. அதன் பிறகு பெரியப்பா யாரிடமும் சூரியனைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளவில்லை. ஒரு கல்யாண வீட்டில் நாங்களாகவே கேட்டுப் பார்த்தோம். "இருக்கு, இருக்கு," என்று விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம், மாடிப்படியில் கடைசிப் படி தெரியாமல் விழுந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். நினைவு தப்புவதற்கு முன்னால், ஒரு இளம் டாக்டர் அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டி, எத்தனை விரல் தெரியுது என்று கேட்டார். பெரியம்மா பக்கத்தில் நின்றார். பெரியப்பா அந்தக் கைப்பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

"எத்தனைன்னு நீங்களே சொல்லிருங்க டாக்டர். நான் எண்ணிச் சொன்னா இப்பல்லாம் யாரும் எழுதிக்கிறதில்ல."