ஓடும்போது பிடுங்கிய சிப்

அந்தத் தெருவில் அவளைப் போர்டக்கா என்றால்தான் தெரியும். செருப்புக் கடைக்குப் பக்கத்திலிருக்கும் குறுகலான படியில் ஏறினால் ஒரே ஓர் அறை. நீளமான மேசை, வளைத்து இழுக்கிற விளக்கு, சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் மதர்போர்டுகள். "இது தேறாது, புதுசு வாங்கிக்குங்க" என்று பெரிய கடைகள் கைவிரித்ததெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். பாதிக்கு மேல் தேறிவிடும். தேறாததற்கு அவள் துக்கம் கொண்டாட மாட்டாள். உதிரிக்கு ஆயிற்று என்று ஆணியில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

வீட்டில் அவளுக்கு வேறு உத்தியோகம். மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள் அவள். பெரியவள் கேட்பதற்குப் பிறந்தவள், சின்னவள் கொடுப்பதற்குப் பிறந்தவள் என்று அந்த வீட்டில் யாரோ எப்போதோ தீர்மானம் செய்துவிட்டார்கள். இடையில் தூது போவது நடுவுள்ளவளின் பாடு. "சின்னவகிட்ட கேளு, குடுத்துடுவா" என்பாள் அம்மா. சைக்கிள், மழைக்கோட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் கால்குலேட்டர் எல்லாம் இவள் கை வழியாகத்தான் பெரியவளிடம் போனது. சின்னவள் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. சுளிக்காததால் யாரும் கேட்டதுமில்லை, வலிக்கிறதா என்று.

அன்றைக்கு மத்தியானம் அவள் மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வயிறு திறந்து கிடந்தன. இரண்டிலும் ஒரே மாதிரி போர்டு. ஒன்று பெரியக்காவின் வீட்டுக்காரருடையது. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி படமாக ஓட்டிக் காட்டுவது அத்தானின் தொழில். மறுநாள் காலை ஒரு பெரிய இடத்தில் படத்தைக் காட்டியாக வேண்டும். பிராசஸரை அதன் சாதாரண வேகத்துக்கு மேல் விரட்டி, அதாவது ஓவர்கிளாக் செய்துதான், அவர் இத்தனை காலம் வேலையை முடித்து வந்தார். போன வாரம் திரையில் "புதிய பயாஸ் வந்திருக்கிறது" என்று ஓர் அறிவிப்பு வர, மனுஷர் யோசிக்காமல் சரி என்று அமுக்கிவிட்டார். மதர்போர்டை எழுப்பி உட்கார வைக்கிற புரோகிராம்தான் பயாஸ். புதியது வந்து உட்கார்ந்ததும் வேகத்தைக் கூட்டுகிற பக்கத்தையே காணோம். பழையதைத் திரும்பப் போடவும் விடவில்லை. கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

இன்னொரு கம்ப்யூட்டர் சின்னவளுடையது. அத்தான் வாங்கிய அன்றே அதே கடையில் வாங்கியது. அவள் எந்த அறிவிப்புக்கும் சரி சொல்லாதவள் என்பதால் பழைய பயாஸ் பத்திரமாக இருந்தது.

பயாஸ் குடியிருக்கிற சிப்பில் நேராக எழுதுகிற சின்னக் கருவி ஒன்று போர்டக்காவிடம் இருந்தது. அது போன வாரம் புகைந்து போய், புதியது இன்னும் வந்து சேரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. பழைய பயாஸ் உள்ள கம்ப்யூட்டரை ஓடவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்தபின் அதற்குப் பயாஸ் சிப் தேவைப்படாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிப்பைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் அத்தானின் சிப்பைச் செருகி எழுத வேண்டும். மின்சாரம் பாய்கிற போர்டு. இடுக்கி ஒரு மயிரிழை நழுவி சிப்பின் கம்பிக் கால்கள் இரண்டைச் சேர்த்துத் தொட்டால் போர்டு காலி.

"ஆரம்பிம்மா" என்று அத்தான் அவசரப்படுத்தினார். சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவள் போன் செய்தாள். "சின்னக்கா, தூசி தட்டி முடிச்சாச்சா? நாலு மணிக்கு எனக்கு மெஷின் வந்துடும்ல?"

போர்டக்கா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். அத்தானைப் பார்த்தாள். அவர் சுவரிலிருந்த போர்டுகளை எண்ணுகிறவர் மாதிரி திரும்பிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இருடி" என்று போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "தூசி தட்டன்னு சொல்லியா எடுத்துட்டு வந்தீங்க?"

"உள்ளதைச் சொன்னா பயந்துடுவா. முடிச்சுட்டு நிதானமா சொல்லிக்கலாம். அவ என்னைக்கு வேணாம்னு சொல்லியிருக்கா?"

அது நிஜம்தான். நிஜமாக இருந்ததுதான் அவளை உறுத்தியது. சின்னவள் வீட்டிலிருந்தபடியே ஓர் ஆஸ்பத்திரிக்கு வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்கிற வேலையில் இருந்தாள். அலையாய் அலைந்து கிடைத்த வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நாலு மணிக்கு வேலை தொடங்கும்போது மெஷின் எழவில்லையென்றால் நாளைக்கு வேறு ஒருத்தி அந்த நாற்காலியில் இருப்பாள்.

பொத்தியிருந்த போனைக் காதில் வைத்தாள். ஒளிக்காமல் சொன்னாள். பிடுங்குவதை, செருகுவதை, நழுவினால் என்ன ஆகும் என்பதை. "நூத்துக்கு தொண்ணூறு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆகவே ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், "வேணாம் சின்னக்கா" என்று வந்தது. "பழைய பயாஸை காப்பி எடுக்கறதுன்னா எடுத்துக்கோ. சிப்பைக் கழட்ட வேணாம்."

காதில் விழுந்தது போர்டக்காவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. நியாயப்படி நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இந்த ஒரு தடவையும் கொடுத்தால்தான் என்ன என்று சுருக்கென்று வந்தது. "சரி" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"வேணாம்னா சொன்னா? அவளா?" அத்தான் வாயைப் பிளந்தார். உடனே பெரியக்காவுக்குப் போன் போட்டார். பெரியக்கா அங்கிருந்தே ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தாள். போர்டக்கா எதையும் காதில் வாங்கவில்லை. சின்னவளின் மெஷினை ஓடவிட்டு, பழைய பயாஸைப் பென்டிரைவில் காப்பி எடுத்தாள். அணைத்து மூடி, திருகுகளைப் பூட்டி, கையெட்டாத தூரத்தில் வைத்தாள். பிறகு தன் சொந்தக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினாள். வேறு மாடல்தான், ஆனால் சிப் அதே அளவு, அதே ரகம். கடை முழுதும் அதை நம்பித்தான் ஓடியது.

"அத்தான், எழுதும்போது கோளாறாச்சுன்னா உங்க சிப் போயிடும். நாளைக்குப் படம் கிடையாது. சம்மதமா?"

அத்தான் காலரை விட்டுவிட்டுத் தலையாட்டினார்.

மெஷின் ஓடியது. காற்றாடி சுழல்கிற சத்தம் தவிர அறையில் வேறு சத்தமில்லை. வளையலைக் கழற்றி வைத்தாள். இடுக்கியை இறக்கினாள். சிப் ஒரு முனையில் அசைந்தது, மறு முனையில் அடம்பிடித்தது, பிறகு வந்தது. திரை அணையவில்லை. அத்தானின் சிப்பைக் கால் காலாகப் பார்த்துச் செருகினாள். இது வேறு போர்டுக்கான பயாஸ் என்று புரோகிராம் முரண்டு பிடித்தது. வற்புறுத்தி எழுதச் சொன்னாள். பச்சைக் கோடு நகர்ந்தது, பாதியில் நின்றது. அத்தான் சுவரில் சாய்ந்துகொண்டார்.  கோடு மறுபடி நகர்ந்தது. எழுதியதைப் படித்து ஒத்துப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை.

மெஷினை அணைத்து, சிப்பை எடுத்து அத்தானின் போர்டில் உட்கார வைத்தாள். எழுந்தது. வேகம் கூட்டுகிற பக்கம் இருந்த இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. "அடி சக்கை!" என்று அத்தான் மேசையைத் தட்டினார். அவளும் சிரித்தாள். அவருடைய திரையைப் பார்த்துச் சிரித்தபடியே தன் சிப்பைத் தன் போர்டில் அழுத்திப் பொத்தானைத் தட்டினாள்.

எழவில்லை. கருகல் வாடை வந்தது. சிப்பைத் தொட்டவள் சுரீரென்று விரலை இழுத்துக்கொண்டாள். சிப்பின் மூலையிலிருக்கும் சிறு புள்ளி எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம் இருந்தது. திருப்பிப் போட்டிருந்தாள். எத்தனையோ பேருடைய சிப்பைச் செருகிய கை அது.

"என்னம்மா நாத்தம்?"

"ஒண்ணுமில்ல அத்தான். முதல்ல சின்னவ மெஷினை அவ வீட்ல இறக்கிட்டு அப்பறம் உங்க வீட்டுக்குப் போங்க."

புதுக் கருவியும் புதுச் சிப்பும் வந்தால் மெஷின் பிழைத்துக்கொள்ளும். அதுவரை கடையில் வேலை முடங்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் நாற்காலியிலிருந்து எழவே இல்லை.

நாலு மணிக்குச் சற்று முன் போன் வந்தது. "மெஷின் வந்துடுச்சு, ஓடுது" என்றாள் சின்னவள். "என்மேல கோவமா?"

"என் சிப்பை எரிச்சுட்டேன்டி. திருப்பிப் போட்டுட்டேன். உன் மெஷினைத் தொட்டிருந்தாலும் இதே கைதானே..."  மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ வேணாம்னதும் எனக்குக் கோவம் வந்துச்சு. நிஜமாவே வந்துச்சு."

"தெரியும். உன் குரல்லயே தெரிஞ்சுது. போனை வெச்சுட்டு உக்காந்து அழுதேன்."

"அப்பறம் ஏன்டி மறுபடி கூப்பிட்டு சரின்னு சொல்லல? எப்பவும் சொல்லுவியே."

"நாலு மணிக்கு எனக்கு வேலை இருக்கே, சின்னக்கா."

அந்தப் பக்கம் மெஷினில் அழைப்பு மணி அடித்தது. சின்னவள் அவசரத்தில் போனை அணைக்க மறந்துவிட்டாள். "வணக்கம், சொல்லுங்க, எந்த டாக்டரைப் பார்க்கணும்?" என்று அவள் கேட்பது தெளிவாகக் கேட்டது. போர்டக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.